மூத்தவனுக்கு இருபது

— "இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு, நவம்பர் மாதம் இருபத்து மூன்றாம் நாள், சனிக்கிழமை, முற்பகல் பத்தரை மணி. தூத்துக்குடி, திரேஸ்புரம், கப்பல்களுக்கு உணவுப்பொருள் வழங்கிவந்த காலஞ்சென்ற இஞ்ஞாசி அவர்களின் கடை முன்னறை. மற்றச் சொத்துகள் யாவும் பிரிக்கப்பட்டுவிட்டபடியால், எஞ்சியிருக்கும் 'இஞ்ஞாசி ஸ்டோர்ஸ் டாட் இன்' என்னும் இணையப் பெயரைப் பங்கிட்டுக்கொள்ளும் பொருட்டு, அன்னாருடைய மகன் கிளைட்டனும் மகள் டெல்பினும் கணினி வேலை பார்க்கும் நாசரேத்து டிக்சன் முன்னிலையில் கூடியிருக்கிறார்கள்." இது வரைக்கும் சரிதானா, கிளைட்டா?

— ஏலே டிக்சா, கோயில்ல கல்யாண அறிவிப்பு வாசிக்கிற மாதிரில்லா வாசிக்க. எல்லாம் சரி. "யாவும் பிரிக்கப்பட்டு"ன்னு போட்டிருக்க பாரு, அது மட்டும் பொய். தராசு இன்னும் அவ ஷெட்டுலதான் நிக்கி.

— அண்ணே, தராசு மீன் நிறுக்க. நீ அரிசியையும் கயிறையும் மூட்டையா ஏத்துத. ஒனக்கு எதுக்குத் தராசு?

— ஏறி நின்னு என் எடையப் பாப்பேன். ஒனக்கு என்ன?

— ஒன் எடைக்கு அந்தத் தராசு தாங்காதே.

— கவனிங்க, ரெண்டு பேரும். தராசு போன மாசமே முடிஞ்ச கதை. இன்னிக்குப் பேரு மட்டும்தான்.

— பேருக்கு முன்னால மெயிலச் சொல்லுங்க டிக்சன் அண்ணாச்சி. செவ்வாய்க்கெழமையில இருந்து ஒரு மெயில் வரல. திங்கக்கெழமை காலையில கப்பல் வருது. நான் தனியா சாமான் ஏத்தப் போற மொதக் கப்பல். என்ன மீனு, எவ்வளவு முட்டை, எவ்வளவு காய்கறின்னு இன்னிக்குள்ள அவங்க எழுதணும். அது என் கைக்கு வரலேன்னா ஐஸ் ரூமப் பூட்டிட்டு மறுபடியும் உப்புக் கம்பெனியில கணக்கு எழுதத்தான் போகணும்.

— போயேன். அங்கன ஃபேனுக்குக் கீழதான இருந்த. இங்கன செதிலும் ஐஸுமா கெடந்து சாகுத.

— செதிலு என் கையில. ஒனக்கு ஏன் அரிக்கி?

— எனக்குந்தான் மெயில் வரல. நான் அழுதேனா?

— ரெண்டு பேருக்கும் வரல. ஏன்னு கண்டுபிடிச்சாச்சு. கிளைட்டா, செவ்வாய்க்கெழமை நீ என்ன பண்ணுன?

— அந்தோணியார் கோயிலுக்குப் பூசைக்குப் போனேன்.

— பூசைக்கு முன்னால.

— முன்னால... புதுசா எனக்குன்னு ஒரு பேரு வாங்கினேம்லா, கிளைட்டன் மரைன் டாட் இன்னு. அப்பா பேர யாரு தேடுனாலும் அங்கன வந்து சேரட்டும்னு ஒரே ஒரு வரி மாத்துனேன். சி-நேம்னு ஒண்ணு இருந்துச்சு. அமுக்குனேன்.

— செவப்பு எழுத்துல எச்சரிக்கை வந்திருக்குமே.

— வந்துச்சு. நீளமா இருந்துச்சு. இவ்வளவு நீளமா எழுதுறவன் நல்லதுக்குத்தான் எழுதியிருப்பான்னு சரின்னு அமுக்கிட்டேன்.

— அண்ணாச்சி, அது என்னது, சி-நேமு?

— பட்டப்பேரு, டெல்பின். ஒங்க தெருவுல பட்டப்பேரு இல்லாத வீடு உண்டா? "கொக்கி வீடு எது"ன்னு ஒருத்தன் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?

— இஞ்ஞாசி வீடுன்னு சொல்லுவோம்.

— அவ்வளவுதான். கொக்கிக்குன்னு தனியா கதவு கெடையாது, தனியா தபால் பெட்டி கெடையாது. எது வேணும்னாலும் இஞ்ஞாசி வீட்டுக்குத்தான் வரணும். "இது வெறும் பட்டப்பேரு, நெசப்பேரு அங்கன இருக்கு"ன்னு ஒலகத்துக்குச் சொல்லுற வரிதான் சி-நேம்.

— அப்ப நான் போட்டதுல என்னலே தப்பு?

— பட்டப்பேருக்கு நெசப்பேரு காட்டுறத விட்டுட்டு, நெசப்பேரையே நீ பட்டப்பேரு ஆக்கிட்ட. ஒங்க அப்பா பேரு மொத்தமும் ஒன் புதுப் பேருக்குப் பட்டப்பேரு. அந்த நிமிஷமே அதுல இருந்த மத்த வரியெல்லாம் செல்லாமப் போயிட்டு. மெயில் கொண்டு வாரவன் இஞ்ஞாசி வாசலுக்கு வந்தான். "கிளைட்டன் மரைனுக்குப் போ"ன்னாங்க. போனான். அங்கன வெப்சைட்டு மட்டுந்தான் இருக்கு, மெயில் வாங்க ஆளில்ல. வந்த வழியே திரும்பிப் போயிட்டான்.

— மாதாவே.

— மாதாவ இதுல இழுக்காத. அமுக்குனது நீ.

— நாசரேத்துக்காரன் எங்க மாதாவப் பத்திப் பேசாதலே. ஒங்க ஊர்ல எழவு வீட்டுக்கே நிகழ்ச்சி நிரல் அடிப்பீங்க.

— அடிப்போம். நேரத்துக்கு முடிப்போம். ஒங்க ஊர்ல மாதிரி பந்தியில சண்ட போட மாட்டோம்.

— ரெண்டு பேரும் கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ.ன்னு மதத்த அப்புறம் பிரிங்க. அண்ணாச்சி, என் ஆர்டரு?

— அந்த வரிய வந்த ஒடனே அழிச்சிட்டேன். ஆனா ஒலகம் மறக்கணும்லா. ஒவ்வொரு வரிக்கும் ஒரு காலக்கெடு உண்டு. அது தீருற வரைக்கும் பழசத்தான் மனசுல வச்சிருப்பாங்க. ஒரு மணி நேரம் ஆகும்.

— ஒரு மணி நேரந்தானா டிக்சா? எங்க அந்தோணியம்மா சித்தி ஒரு விஷயத்த முப்பது வருஷம் வச்சிருப்பாங்க.

— திரும்பிப் போன என் ஆர்டர் மெயில மறுபடி அனுப்பச் சொல்லி கப்பல் ஏஜெண்டு தாணுலிங்கம் அண்ணாச்சிகிட்ட நேத்தே சொல்லிட்டேன். மத்தியானத்துக்குள்ள கப்பல்ல இருந்து அனுப்புதோம்னாங்க.

— அப்படியே ஒன் சொந்த மெயில ஒண்ணு கொடுத்திருக்க வேண்டியதுதான ஏளா? அப்பா பேரு எதுக்கு ஒனக்கு?

— பத்து வருஷமா அப்பா அடிச்சுக் கொடுத்த காலண்டரு ஒவ்வொரு கப்பல் குசினியிலயும் தொங்குது. அதுல இருக்கது ஒரே ஒரு மெயில். நான் கடல்ல நீந்திப் போயி ஒவ்வொண்ணாத் திருத்தவா?

— அந்த மெயிலால நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்பா இருந்த வரைக்கும் எனக்கு ஞாயித்துக்கெழமை மட்டுந்தான் மெயில் வரும் டிக்சா. ஞாயிறு ஞாயிறு அப்பா ஆபீஸ் கம்ப்யூட்டர் சுவிச்ச அணைச்சுட்டுப் பூசைக்குப் போவாங்க, கரண்டு பில்லு கொறையும்னு. அன்னிக்கு ஒரு நாளுதான் நான் கேப்டன்மாருக்குப் பதில் போட்டது. மத்த ஆறு நாளும் மூட்ட தூக்குனதுதான். ஒனக்கு என்ன தெரியும், போன வருஷம் வந்தவ நீ.

— போன வருஷம் வந்தாலும் அரிசில வண்டு இருந்தாத் தெரியும்.

— பாத்தியா டிக்சா? பாத்தியா? இதத்தான் சொன்னா. திருவிழாச் சாப்பாட்டுல, அம்புட்டுப் பேருக்கு நடுவுல, சித்தி அந்தோணியம்மா முன்னால, என் அரிசில வண்டுன்னு சொன்னா.

— வண்டு இருந்துச்சுன்னுதான சொன்னேன். எத்தனன்னு சொன்னேனா?

— அதுக்குத்தான் நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன். அப்பா பேருல என் இடம் அவளுக்கு மேலதான், கீழ போட்டா இனி ஒங்க ஒருத்தர் வீட்டு இலையிலயும் கை வைக்க மாட்டேன்னு.

— சொல்லிட்டு ரெண்டு தடவ ரசம் வாங்குனான் அண்ணாச்சி.

— ரசம் நல்லா இருந்துச்சு. அது வேற. நாளைக்கு இந்தத் தாள சித்தி கையில கொண்டு போயி கொடுக்கணும். அவங்க மூக்குக்கண்ணாடியப் போட்டு வரி வரியாப் பாப்பாங்க. அதனால ஒழுங்கா எழுது.

— ஒழுங்கா எழுதத்தான் ஒங்க அப்பா மேசையில வந்து உக்காந்திருக்கேன். தாள்ல எழுத எழுதக் கம்ப்யூட்டர்லயும் போட்டுருவேன். கவனிங்க. பேரு ஒண்ணு, அதுக்குள்ள வரி பல. ஒவ்வொரு வரியும் ஒரு வேலைக்கு. மொதல்ல ஏ ரெக்கார்டு. வெப்சைட்ட தேடி வாரவன் எந்த மெஷினுக்குப் போகணும்ங்கிற விலாசம். வாசல்னு வச்சுக்கிடுங்க.

— வாசல் மூத்தவனுக்கு.

— எடுத்துக்கோ.

— ஏளா, என்னது இவ்வளவு சீக்கிரம் கொடுத்துட்ட?

— வெப்சைட்ட பாத்து எந்தக் குசினிக்காரன் மீன் கேட்டான்? ஒன் போட்டோவ பெருசாப் போட்டு நீயே பாத்துக்கோ.

— குறிச்சாச்சு. அதுக்கே இன்னொரு வகை உண்டு, நாலு ஏ. புது மாதிரி நீள விலாசத்துக்கு.

— நாலு ஏயா? அப்ப அதுதான் பெருசு. அதுவும் எனக்கு.

— ரெண்டும் ஒரே வாசலுக்குத்தான் கிளைட்டா. பெருசு சின்னதுன்னு இல்ல.

— இருந்தாலும் எழுது. சித்தி எண்ணிப் பாப்பாங்க.

— எழுதியாச்சு. டெல்பினுக்கு ஒரு கிளைப்பேரு போடுதேன். 'மீன்' புள்ளி இஞ்ஞாசி ஸ்டோர்ஸ் டாட் இன். அதுக்கு சி-நேம், அவ புதுசா தொறக்கப் போற பக்கத்துக்கு.

— நான் சி-நேம் போட்டாத் தப்பு, அவளுக்குப் போட்டாச் சரியா?

— கிளையில போடலாம். வேர்ல போடக் கூடாது.

— ஒனக்கும் ஒரு கிளை வேணுமாண்ணே? 'வண்டு' புள்ளி இஞ்ஞாசின்னு.

— டிக்சா, இவள எழுந்து வெளிய போகச் சொல்லு.

— இது என் பங்கு அறைண்ணே. சுவருக்கு அந்தப் பக்கந்தான் ஒனக்கு.

— அடுத்தது டெக்ஸ்ட் ரெக்கார்டு. வெறும் எழுத்துதான், ஆனா சாட்சி. "இந்தப் பேருல மெயில் அனுப்ப இன்னார் இன்னாருக்குத்தான் உரிமை, வேற எவன் அனுப்பினாலும் நம்பாதீங்க"ன்னு ஊரறியச் சொல்லுறது. ரெண்டு பேரு மெஷினையும் எழுதுதேன்.

— என் மெஷின மொதல்ல எழுது.

— இதுல மொதல் கடைசின்னு கெடையாது.

— இருந்தாலும்.

— சரி, எழுதிட்டேன். அப்புறம் என்எஸ். இந்தப் பேரப் பத்தி எது கேக்கணும்னாலும் எந்த எடத்துல போயி கேக்கணும்ங்கிற வரி. அத ரெண்டு பேரும் தொடக் கூடாது. அதுக்கு உள்ள போற சாவி என் கையில இருக்கட்டும்.

— எங்க அப்பா பேரோட சாவி நாசரேத்துக்காரன் கையிலயா?

— ஒன் கையில இருந்து செவ்வாய்க்கெழமை என்னாச்சுன்னு பாத்தோம்லா அண்ணே. அவங்க கையிலயே இருக்கட்டும்.

— சரி, வச்சுக்கோ. ஆனா தொலைச்சிராத. அன்னிக்கு ஸ்கூட்டர் சாவியவே தொலைச்சவன் நீ.

— பத்தாங்கிளாஸ்ல தொலைச்சது. அதையும் எழுதணுமா? கவனிங்க, இனிமேதான் விஷயம். எம்எக்ஸ். இந்தப் பேருக்கு வார மெயில வாங்குற ஆளு யாருன்னு சொல்லுற வரி.

— இது ஒண்ணுதான் அண்ணாச்சி எனக்கு வேணும். மத்ததெல்லாம் அவனே வச்சுக்கிடட்டும்.

— இது எனக்கு.

— எனக்கு.

— ரெண்டு பேருக்கும் எழுதலாம். ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால ஒரு எண் வரும். பத்து, இருபதுன்னு போடுறது வழக்கம்.

— எழுதுனா ரெண்டு பேருக்கும் எல்லா மெயிலும் வருமா?

— வராது. ஒரு மெயிலு ஒருத்தருக்குத்தான் போகும். யாரு மொதல்லங்கிறத அந்த எண்ணுதான் முடிவு பண்ணும். மொத ஆளு மெஷினு அணைஞ்சு கெடந்தா மட்டுந்தான் அடுத்த ஆளுக்குப் போகும்.

— எனக்கு இருபது.

— இரு கிளைட்டா. அந்த எண்ணு எப்படின்னா...

— எப்படியும் இருக்கட்டும். இருபது பெருசா, பத்து பெருசா?

— இருபதுதான். ஆனா...

— ஆனா கீனா இல்ல. வள்ளத்துல மீனு எப்படிப் பங்கு வைப்போம்? வள்ளத்துக்கு ரெண்டு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. இந்தக் குடும்பத்துல மூத்தவன்தான் வள்ளம். எனக்கு இருபது, அவளுக்குப் பத்து. எழுது.

— டெல்பின், நீ என்ன சொல்லுத?

— நான் என்னத்தச் சொல்ல. அண்ணன் மூத்தவன். இருபது அவனுக்கே இருக்கட்டும். எனக்குப் பத்து போதும்.

— பாத்தியாலே? இதுக்குத்தான் உக்காந்து பேசணும்ங்கிறது. வண்டு வாயி எப்படி அடங்கிட்டு பாரு.

— முப்பது வேணும்னாலும் எடுத்துக்கோண்ணே.

— எனக்குப் பேராச இல்ல. இருபது போதும். டிக்சா, நீ எழுதிக்கிட்டு இரு. மழையில தொண்ட கட்டிட்டு. முக்குக் கடையில டீயும் வடையும் வாங்கிட்டு வாரேன். ஒனக்குச் சீனி கம்மியா?

— கம்மி.

— நாசரேத்துக்காரன்லா. எல்லாமே கம்மிதான்.

— போயிட்டானா அண்ணாச்சி?

— குடைய விரிச்சுட்டான். போயிட்டான்.

— சின்ன எண்ணுக்குத்தான மெயிலு மொதல்ல வரும்?

— ஆமா. பத்துக்குத்தான் மொதல்ல. இருபது காத்துக் கெடக்கணும். ஒனக்கு எப்படித் தெரியும்?

— நேத்து பூரா ஒக்காந்து படிச்சேன். பத்த வாங்க என்ன சண்ட போடணுமோன்னு பயந்துகிட்டே வந்தேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி கூட நேந்துட்டேன். அவனே கொண்டு வந்து கையில வச்சிட்டுப் போறான்.

— அப்ப சிரிக்க வேண்டியதுதான.

— சிரிப்புதான் வருது. ஆனா உள்ள ஒரு மாதிரி இருக்கு.

— என்ன மாதிரி?

— தராச நான் சண்ட போட்டு எடுத்தேன். அவனும் கத்துனான், நானும் கத்துனேன். அது ஞாயம். இது அவன் கண்ணக் கட்டிட்டு எடுத்த மாதிரில்லா இருக்கு. சொல்லிரவா?

— சொன்னா என்ன பண்ணுவான்?

— பத்து எனக்குன்னுவான். சித்தி வீட்டுக்குப் போவான். கப்பல் போயிரும். ஏன் அண்ணாச்சி பேனாவக் கடிக்கீங்க?

— யோசிக்கேன்.

— என்னத்த?

— அவன் இருபதுன்னு கேட்டப்பவே நான் முழிச்சேன். அதத்தான் யோசிக்கேன். இந்தா, வந்துட்டான்.

— பிடி டிக்சா, ஒன் சீனியில்லாத டீ. ஏளா, ஒனக்கு உளுந்த வடை. வண்டு கிண்டு இருந்தா கடைக்காரன்கிட்ட கேளு, என்னையக் கேக்காத.

— அண்ணே, ஒண்ணு சொல்லணும்.

— தின்னுட்டுச் சொல்லு.

— அந்தப் பத்து, இருபதுன்னு வருதுல்லா...

— அந்தப் பேச்சு முடிஞ்சிட்டு.

— இல்லண்ணே. அதுல சின்ன எண்ணுக்குத்தான்...

— இப்ப என்ன, ஒனக்கு இருபது வேணுமா? தர மாட்டேன். டிக்சா, கையெழுத்து எங்கன போடணும்? சித்தி கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருபதக் கொஞ்சம் பெருசா எழுது.

— கேளேண்ணே ஒரு நிமிஷம்.

— கேக்க மாட்டேன். போட்டாச்சு. நீயும் போடு. ம், இப்படித்தான் குனிஞ்சு போடணும் மூத்தவன் சொன்ன எடத்துல. வாரேன், லாரி நிக்கி. மழ வலுத்தா துறைமுகம் கேட்டுல மாட்டிக்கிடுவேன்.

— சரிண்ணே. நனையாமப் போ.

— ஏளா, திங்கக்கெழமைக்குச் சீலா மீனு இன்னிக்கே சொல்லி வை. இந்தக் காத்துக்கு வரத்து கொறவாத்தான் இருக்கும். அந்தக் கேப்டன் முள்ளு மீனத் தொட மாட்டான். அரிசி கேட்டான்னா எனக்கு ஒரு போன் போடு. வண்டு இல்லாத மூட்டையாப் பாத்து அனுப்புதேன்.

— லாரி கெளம்பிட்டு, டெல்பின். வடையத் தின்னு.

— கேக்கவே மாட்டேன்னுட்டானே அண்ணாச்சி. நான் சொல்லத்தான் பாத்தேன், நீங்களே சாட்சி. இருங்க. இப்ப என்ன சொல்லிட்டுப் போனான்?

— சீலா மீன் சொல்லி வைக்கச் சொன்னான்.

— அதுக்கப்புறம். அரிசி கேட்டான்னா போன் போடுன்னான். மெயிலு அவனுக்குத்தான் மொதல்ல வரும்னா, அரிசி கேட்டது கேக்காதது அவனுக்குல்லா தெரியணும். நான் எதுக்குப் போன் போடணும்?

— இதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ஒங்க அப்பாவுக்கு இந்த மெயில ரெண்டாயிரத்துப் பதிமூணுல நான்தான் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு மெஷினு, ரெண்டு எம்எக்ஸ். ஆபீஸுக்குப் பத்து. கிளைட்டன் வீட்டுக்கு இருபது. அப்பா கண்ண மூடுற வரைக்கும் பத்து வருஷம் அவன் இருபதுல இருந்து ஞாயித்துக்கெழமை மட்டும் மெயில் பாத்தவன்.

— தெரிஞ்சேதான் கேட்டானா?

— அவனுக்குத் தெரியாத இருபதா.

— வள்ளம், ரெண்டு பங்குன்னெல்லாம் கத்துனானே.

— சித்தி முன்னால எந்திரிச்சு நின்னு சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குல்லா. அவங்க கண்ணாடிக்கு இருபதுதான் மேல.

— படுபாவி. வடையில வேற வண்டுன்னு பேசுனான்.

— அங்க பாரு, ஒன் மெஷினு கூப்பிடுது.

— கப்பல்ல இருந்துதான். வந்துட்டு அண்ணாச்சி. சீலா மீனு, முட்டை, வெண்டைக்காய், தக்காளி... அட, அரிசியும் கேட்டிருக்கான். ஆறு மூட்டை.

— அப்ப போனப் போடு. தாள்ல ஏதாவது திருத்தணுமா?

— ஒண்ணும் திருத்த வேண்டாம். இருபது பெருசாவே இருக்கட்டும், சித்தி பாக்கட்டும். முடிவ மட்டும் ஒருக்கா வாசிங்க.

— "முடிவு. ஏ ரெக்கார்டும் நாலு ஏ ரெக்கார்டும் கிளைட்டனுக்கு. 'மீன்' என்னும் கிளைப்பெயர் டெல்பினுக்கு. டெக்ஸ்ட் ரெக்கார்டில் இருவரும். என்எஸ் டிக்சன் பொறுப்பில். எம்எக்ஸ், டெல்பினுக்குப் பத்து, கிளைட்டனுக்கு இருபது. இரு தரப்பாரும் மனமொப்பிக் கையொப்பமிட்டனர்." இதுல சேக்க ஏதாவது உண்டா?

— நாளைக்கு ஞாயிறு. பூசைக்குப் போகும்போது கம்ப்யூட்டர் சுவிச்ச அணைச்சுட்டுத்தான் போவேன். இனி எல்லா ஞாயிறும் அப்படித்தான். அத மட்டும் எழுதாதீங்க அண்ணாச்சி. அவன் கேட்டா, கரண்டு பில்லு கொறையும்னு சொல்லிருங்க.